ஏழாம் படலையின் மூச்சு

இப்போது வருகிற பேய்ப்படங்களைப் பார்த்தால் எனக்குப் பேய்கள்மேல்தான் இரக்கம் வருகிறது. தியேட்டர் கதிரையில் கையை வைத்தவுடன் அது நம்முடைய நாடியை அளக்கத் தொடங்கிவிடுகிறது. மண்டபத்தில் துடிப்புக் கொஞ்சம் இறங்கினால் போதும், உடனே ஒரு பேயை அனுப்பிவிடுவார்கள். அது கத்தும், கதிரை அதிரும், கழுத்துக்குப் பின்னால் குளிர்காற்று அடிக்கும். துடிப்பு ஏறியதும் பேய் போய்விடும். போன மாதம் 'செவ்வாய்ச் சுடலை' பார்க்கப் போனபோது முன்வரிசையில் ஒரு குடும்பம் முழுவதும் நித்திரை. அவர்களை எழுப்புவதற்காக அந்தச் செவ்வாய்ப் பேய் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே களைத்துப் போனது. பேய் என்றால் கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

இப்படியெல்லாம் நான் 'இருட்டுக் கதிரை' என்ற பெயரில் வாராவாரம் எழுதி வந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுவதை லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாசித்தார்கள், வாசித்துவிட்டுத் திட்டினார்கள். எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் முடிவில் நான் 'ஏழாம் படலை'க்கு வந்துவிடுவேன். தயாபரன் கலியாண வீட்டுச் சாம்பாரைப் பற்றி எழுதினாலும் அதை ஏழாம் படலையோடு ஒப்பிட்டுத்தான் முடிப்பார் என்று வாசகர்கள் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

'ஏழாம் படலை' ஒரு வானொலி நாடகம். நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில், சண்டைக் காலத்தில் வந்தது. அப்போது இங்கே மின்சாரம் இல்லை, பற்றறி உள்ளே வரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் ஏறி மிதிக்க, டைனமோவில் இருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். மிதிக்கிறவர் நிறுத்தினால் வானொலியும் நின்றுவிடும். ஊர் முழுவதும் அப்படித்தான் நாடகம் கேட்டது.

கதை சின்னது. ஒருவன் பொழுதுபடுகிற நேரத்தில் வீட்டுக்கு வருகிறான். அவன் வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் ஏழு படலைகள், ஏழு வேலிக் கதவுகள். ஒவ்வொன்றையும் திறந்து சாத்தும்போது பின்னால் ஏதோ ஒன்று ஒரு படலை கிட்ட வந்துவிடுகிறது. கிழமைக்கு ஒரு பகுதி, பகுதிக்கு ஒரு படலை. கடைசிப் பகுதியில் அவன் ஏழாவதைத் திறக்கிறான். அங்கே அலறல் இல்லை, இசை இல்லை, வசனமும் இல்லை. ஒரு மூச்சு மட்டும் கேட்கும். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, இடையில் ஒருமுறை தடக்கி, பிறகு இன்னும் வேகமாக. பேய் என்றால் அதுதான் பேய். அது நம்மைப் பயமுறுத்த வரவில்லை, ஓடி ஓடிக் களைத்துப்போய் வந்து நிற்கிறது என்று அந்த மூச்சே சொல்லும். உலகத்தில் எந்த ஒலியமைப்பாளனும் அதற்குப் பிறகு அப்படி ஒன்றைச் செய்யவில்லை என்று நான் எழுதியிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

அந்த மூச்சை விட்டவர் வி. கே. அருளம்பலம் என்ற நடிகர். அவர் கடைசிக் காலத்தில் நோயாக இருந்தபோது நாங்கள் ரசிகர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தோம். மேடையில் அந்த மூச்சைப் பற்றி நான் வெகுநேரம் பேசினேன். அவர் கொஞ்சம் முழித்தார், பிறகு சிரித்துக்கொண்டு பொன்னாடையை வாங்கிக்கொண்டார். பொன்னாடையை வேண்டாம் என்று சொன்ன கலைஞரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நாடகத்தின் ஒலிநாடாக்கள் இல்லை. சிலவற்றின்மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்கள், மிச்சம் எரிந்துவிட்டன. ஆகவே நான் சொல்வதை நம்புவதைத் தவிர வாசகர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ரொறன்ரோவில் குகதாசன் என்று ஒருவர் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார், தயாபரன் கற்பனையில் ஒரு நாடகம் கேட்டிருக்கிறார் என்று. நினைவொலி நிலையம் நல்லூரில் திறந்தபோது முதல் ஆளாக நான் போய் நின்றதற்குக் குகதாசனும் ஒரு காரணம்.

அங்கே இருந்த பெண்ணுக்குப் பெயர் மிதுர்ஷா. வேலையில் கெட்டிக்காரி. வருகிற எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"ஒருக்காக் கேட்ட சத்தம் மூளைக்குள்ள அப்பிடியே கிடக்கும் அங்கிள். மறந்துட்டன் எண்டு நீங்கள் நினைக்கிறதும் கிடக்கும். அதை எங்களால எடுத்துத் தர ஏலும். ஆனா கொப்பி எடுக்க ஏலாது. எடுத்தா எடுத்ததுதான்."

"எண்டால்?"

"மரத்தில காய் பிடுங்கிற மாதிரி. பிடுங்கினது திரும்ப ஒட்டாது. அந்தப் பின்னேரம் உங்களிட்ட இருக்காது. அதோட ஒட்டிக்கொண்டு கிடக்கிறதும் கொஞ்சம் வந்திடும். எவ்வளவு எண்டு முன்கூட்டிச் சொல்ல ஏலாது."

நான் பெரிதாக யோசிக்கவில்லை. கடைசிப் பகுதி கேட்ட ஒரு பின்னேரம் போனால் என்ன? நாடகம் என் தலைக்குள் கிடந்து என்னோடு சுடலைக்குப் போவதைவிட உலகம் கேட்பது நல்லதல்லவா? அறையில் இருந்த மற்றச் சத்தங்களைத் துடைத்துவிட்டு நாடகத்தை மட்டும் தரவா என்று அவள் கேட்டாள். ஒரு தூசி இருக்கக்கூடாது, வானொலியில் வந்தது மட்டும் வேண்டும் என்று சொன்னேன். ரசிகன் வேறு எப்படிச் சொல்வான்?

என் தங்கச்சி நிரோஜினிக்கு இது பிடிக்கவில்லை. அவள் கோண்டாவிலில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்தப் பின்னேரம் சேந்தண்ணா வீட்டில் இருந்தவரா என்று.

சேந்தன் எங்கள் இருவருக்கும் மூத்த அண்ணா. நாடகம் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் சந்திவரை போனவர் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள், எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா அவருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவோரப் போராட்டக் கொட்டகையில் வெயிலிலும் மழையிலும் இருந்தா. மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்க அலுவலகத்தில் எத்தனையோ தடவை சொன்னார்கள். பிள்ளையைத் தாங்கோ, பேப்பர் வேண்டாம் என்று அம்மா திரும்பி வந்துவிடுவா. அம்மா செத்த பிறகு அந்தப் படத்தோடு நிரோ போய் இருந்தாள். வீட்டுச் சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, அம்மாவின் படத்துக்கு மாலை இருக்கிறது. சேந்தண்ணாவின் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. அவருக்கு ஒரு திவசம்கூட நாங்கள் செய்ததில்லை.

வீட்டில் எல்லாரும் இருந்திருப்போம், நாடகம் ஓடும்போது யார் யாரைப் பார்த்தது என்று நிரோவுக்குச் சொன்னேன். சேந்தண்ணா போனபோது அவள் நடக்கப் பழகிய பிள்ளை. அண்ணாவைப் பற்றி அவளுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் அவள் ஒரு அண்ணாவைச் செய்து வைத்திருந்தாள்.

நிலையத்தில் நாடகத்தை எடுத்தபோது நோகவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன், எழும்பி வந்தேன், வெளியே தேத்தண்ணி குடித்தேன். பல் பிடுங்கிய பிறகு நாக்குப் போய்ப் போய்த் தடவுமே, அப்படி மனம் எதையோ தடவியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமையே எங்கள் ரசிகர் சங்க மண்டபத்தில் ஒலிபரப்பினோம். லண்டன்காரர்களும் ரொறன்ரோக்காரர்களும் இணைப்பில் இருந்தார்கள். குகதாசன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்ததைத் திரையில் பார்த்தேன். நாடகத்தின் கடைசிப் பகுதி தொடங்கியது. சுத்தமான ஒலி, நேற்றுப் பதிந்தது போல இருந்தது. எனக்கு அது முதல் தடவையாகக் கேட்பது போலத்தான், ஏனென்றால் என்னிடம் அது இல்லை. நான் எழுதி வைத்ததை வாசித்துத்தான் நானே அடுத்தது என்ன என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வசனம் சுமார். கதாநாயகன் மேடை நாடகத்தில் கத்துவது போலக் கத்தினார். படலை கிறீச்சிடுவதற்கு யாரோ கதவுப் பிணைச்சலை மைக்குக்குப் பக்கத்தில் ஆட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை, ஏழாவது வரட்டும் என்று இருந்தேன்.

ஏழாவது படலை திறந்தது. ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் அமைதி, பிறகு வீணையில் ஒரு கம்பியை யாரோ மீட்டினார்கள், பிறகு நடித்தவர்களின் பெயர்கள்.

மண்டபத்தில் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. குகதாசன்கூட நக்கலடிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது. "மூச்சு எங்க தயாபரன்?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

அடுத்த நாள் காலையிலேயே நிலையத்துக்குப் போனேன். உங்கள் மெசினுக்குக் கலை தெரியாது, நடிகனின் மூச்சைக் குப்பை என்று துடைத்திருக்கிறது என்று வாசலிலேயே தொடங்கினேன். மிதுர்ஷா கோபப்படவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் திரையில் கோடுகளைக் காட்டினாள்.

"நாடகம் முழுக்க ஒரு சின்ன ஸ்பீக்கரில இருந்து வந்திருக்குது அங்கிள். நீங்கள் காதை அதில ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறியள். மூச்சு அதுக்குள்ள இருந்து வரேல்லை. உங்கட வலப்பக்கம், கொஞ்சம் மேல இருந்து வருது. சைக்கிள் சில்லுச் சுத்துற சத்தமும் அங்க இருந்துதான்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

"இந்த இடத்தைப் பாருங்கோ. நாடகத்தில ஆரும் கதைக்கேல்லை. வானொலியும் மங்கப் பாக்குது, கறண்ட் குறைஞ்சிட்டுது. அப்பதான் மூச்சு தடக்குது. பிறகு வேகம் கூடுது, வானொலி திரும்ப எடுக்குது. மிதிச்சவர் நல்லாக் களைச்சுப் போனார். முடிவு வாற நேரம் நிண்டிடக்கூடாதெண்டு இன்னும் கெதியா மிதிச்சிருக்கிறார்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆர் மிதிச்சது அங்கிள்?"

நான் தேடினேன். டைனமோ இருந்தது தெரியும், வயர் தெரியும், ஊர் முழுவதும் மிதித்தது தெரியும். எங்கள் வீட்டுச் சைக்கிளின் மேல் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. அங்கிருந்தே நிரோவுக்குப் போன் எடுத்தேன்.

"சேந்தண்ணாதான், வேற ஆர்?" என்றாள். "அம்மா சொல்லுறவ, அந்த நாடகம் வாற நாளில நீங்கள் அழுது பிடிப்பியளாம், அவர் ரியூசனுக்கும் போகாமல் நிண்டு மிதிப்பாராம். ஏன், உங்களுக்கு அது தெரியாதே?"

தெரிந்திருக்க வேண்டும். மிதுர்ஷா முன்பே சொன்ன அந்த ஒட்டிக்கொண்டு கிடப்பது வேறொன்றும் இல்லை, என் அண்ணாதான். நாடகம் கேட்ட எல்லாப் பின்னேரங்களும் ஒரே கொத்தாகக் கிடந்து ஒரே இழுவையில் வந்துவிட்டன. அவர் பெயர் எனக்குத் தெரியும், பிறந்த திகதி தெரியும், படத்தில் போட்டிருக்கிற கோடு போட்ட சேட்டுத் தெரியும். அவர் குரல் எப்படி என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருடங்கள் பேய்க்கதைகளிலேயே ஊறிக் கிடந்த எனக்கு, உண்மையான பயம் இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று தெரிந்திருக்கவில்லை.

துடைத்த சத்தங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன, வெள்ளிக்கிழமை வரை இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. போட்டுக் காட்டு என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சட்டம் விடாது அங்கிள். உங்கட தலைக்குள்ள இருந்தாலும் அது உங்கட அண்ணாவின்ர மூச்சு. இந்த மெசின் வந்த புதுசில ஆக்கள் வீட்டில கதைச்சதை எல்லாம் எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வழக்குப் போடப் போச்சினம், அதுக்குப் பிறகு வந்த சட்டம். மற்ற ஆள் சம்மதிக்கவேணும். ஆள் இல்லையெண்டால் உறவுக்காரர் சம்மதிக்கலாம், மரணச் சான்றிதழ் கொண்டு வந்து."

"அவர் காணாமல் போனவர்."

"அதுக்கு வேற சான்றிதழ் இருக்குது. ஆனா அது இஞ்ச செல்லாது. அதின்ர கருத்து ஆள் எங்கயோ இருக்கிறார் எண்டுதானே. இருக்கிறவரிட்டத்தான் கேக்கவேணும்." குரல் இறங்கியது. "நான் செய்த சட்டம் இல்லை அங்கிள்."

அன்று மத்தியானமே கோண்டாவிலுக்குப் போனேன். நிரோ வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். மரணச் சான்றிதழுக்கு உறவுக்காரர் நாங்கள் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும் என்றேன். அந்த மூச்சைத் திரும்ப நாடகத்துக்குள் வைத்தால் அது எப்படி இருக்கும், குகதாசனுக்கு எப்படி வாய் அடைக்கும் என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. வேறு என்ன காரணத்தை நான் சொல்வது? அண்ணாவுக்காக என்று சொல்ல எனக்குள் அண்ணா இல்லை.

"அம்மா வைக்காத கையெழுத்து," என்றாள் நிரோ. "சாகிற அண்டைக்கும் என்னட்டச் சத்தியம் வாங்கினவ. அதை உங்கட நாடகத்துக்காக வைக்கச் சொல்லுறியளோ?"

அவள் உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அதில நானும் இருக்கிறனோ?"

கைக்குழந்தை ஒன்று அழுகிற சத்தம் இருக்கிறது என்று மிதுர்ஷா சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். நிரோ படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். அவரும் அவளும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதற்கு அவளிடம் அதுவரை ஒரு படம்கூட இருக்கவில்லை.

அவள் வியாழக்கிழமை காலையில் போன் எடுத்தாள். பதிவாளர் அலுவலகத்து வாசலில் நிற்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள். அம்மாவை இத்தனை காலம் அலைக்கழித்த அந்தப் பேப்பரைக் கேட்டவுடன் தந்தார்கள். இறந்த திகதி என்ற இடத்தில் எதை எழுதுவது என்று அங்கிருந்தவர் கேட்டார். நிரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்றைக்கு என்று போடுங்கோ என்றாள். அப்படிப் போட முடியாது என்றார் அவர். சேந்தண்ணா சந்திக்குப் போன அந்தக் காலையைத்தான் போட்டார்கள். அவள் கையெழுத்து வைத்தாள், பிறகு நான் வைத்தேன். அவள் பெயரைப் பாதி எழுதி நிறுத்தி, பிறகுதான் மிச்சத்தை எழுதினாள். நான் நிறுத்தாமல் எழுதி முடித்தேன், அது எனக்குச் செத்த வீட்டில் பசிப்பது போல வெட்கமாக இருந்தது.

அப்படியே நிலையத்துக்குப் போனோம். சின்ன அறை, மூன்று கதிரைகள். மிதுர்ஷா பேப்பரைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமத்தினாள். இந்தத் தடவை நாடகத்தைத் துடைத்துவிட்டு மற்றதைப் போட்டாள்.

முதலில் சில்லுச் சுத்துகிற சத்தம். சட்டி ஒன்றை யாரோ இறக்கி வைத்தார்கள். குழந்தை சிணுங்கியது, அம்மாவின் குரல் அதை ஆட்டியது. நிரோ என் கையைப் பிடித்தாள். பிறகு அந்த மூச்சு வந்தது. நான் எழுதியது போலவே இருந்தது, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. நெடுநேரம் அதுதான். பிறகு அது தடக்கியது, சில்லின் சத்தம் இறங்கியது, ஒரு இளந்தாரியின் குரல் மூச்சு வாங்க வாங்கக் கேட்டது.

"தயா, கேக்குதோடா?"

ஒரு சின்னப் பையனின் கீச்சுக் குரல் எரிச்சலோடு சொன்னது, "கதையாம மிதி அண்ணா."

அந்த இளந்தாரி சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. சில்லு வேகமாகச் சுற்றியது, மூச்சு மட்டும் கேட்டது, முடியும்வரை.

நிரோ வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கேக்குது அண்ணா" என்றாள். அவர் செத்துப்போனார் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. பிறகு அவள் அழத் தொடங்கினாள். மாலை போடாத படத்துக்கு முன்னால் இத்தனை வருடங்கள் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, எனக்குள்ளும் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தேன். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவன் சைக்கிள் மிதிக்கிற சத்தத்தைத்தான் நான் கேட்டேன். அந்தக் கீச்சுக் குரல் பையனையும் எனக்குத் தெரியவில்லை.

மிதுர்ஷாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டு வந்து நிரோவிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எதையாவது கேட்கவேண்டும் என்பதற்காக, இதுதான் நீங்கள் எழுதுகிற அந்த மூச்சா, எப்படி இருக்கிறது அங்கிள் என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் பற்றி என்னிடம் ஒரு கருத்து இருக்கும். அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.